மூன்று தொண்டை, ஒரு குரல்: பீ ஜீஸ் சகோதரர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

உடன்பிறந்தோர் சேர்ந்து பாடிப் புகழ்பெற்ற மேற்கத்திய இசைக்குழுக்களைப் பற்றி எழுதும்படி வாசகர்கள் சில மாதங்களாகவே கேட்டு வந்தார்கள். கடிதங்களைப் பிரித்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் ஒரே குழுவைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் பீ ஜீஸ் சகோதரர்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி (திருச்சி): பீ ஜீஸ் குழுவினரை ஆஸ்திரேலியர் என்கிறார் ஒரு நண்பர், ஆங்கிலேயர் என்கிறார் இன்னொருவர். நானோ அவர்களை அமெரிக்கர் என்றே எண்ணியிருந்தேன். எது சரி? அந்தப் பெயருக்குப் பொருள் என்ன?

பதில்: மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூத்தவரான பாரி கிப் 1946 செப்டம்பர் 1ஆம் தேதியும், இரட்டையரான ராபினும் மாரிஸும் 1949 டிசம்பர் 22ஆம் தேதியும் பிறந்தது, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் கிடக்கும் மேன் தீவின் தலைநகரான டக்ளஸில். தந்தை ஹியூ கிப் நடன அரங்குகளில் வாசிக்கும் குழுவொன்றை நடத்திய டிரம்ஸ் கலைஞர். தாய் பார்பராவும் ஒரு காலத்தில் மேடைகளில் பாடியவர். 1955இல் குடும்பம் மான்செஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. அங்கிருந்த கோமான்ட் திரையரங்கில், படம் தொடங்கும் முன் சிறுவர்கள் மேடையேறி, இசைத்தட்டு ஒலிக்க வாயை மட்டும் அசைத்துக் காட்டுவது வழக்கமாக இருந்தது. 1957 டிசம்பரில் கிப் சிறுவர்கள் தங்கள் முறைக்காகத் திரையரங்குக்குப் போகும் வழியில் தட்டு விழுந்து உடைந்துவிட, வேறு வழியின்றிச் சொந்தக் குரலிலேயே பாடிவிட்டு வந்தார்கள். அப்போது மூத்தவருக்கு 11 வயது, இரட்டையருக்கு 8 வயது.

மறு ஆண்டு ஆகஸ்டில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, பிரிஸ்பேனுக்கு வடக்கே ரெட்கிளிஃப் என்ற கடலோர ஊரில் குடியேறியது. அவ்வூர்ப் பந்தயத் திடலில் ஓட்டங்களுக்கு இடையே கிடைத்த நேரத்தில் பாடி, பார்வையாளர்கள் எறிந்த நாணயங்களை ஓடுதளத்தில் இறங்கிப் பொறுக்கிக்கொண்டார்கள். அவர்களை அங்கே பாடவிட்டவர் பந்தயங்களை நடத்திய பில் குட். அவர் வழியாக அறிமுகமாகிப் பாடல்களை வானொலியில் ஒலிக்கச் செய்தவர் பில் கேட்ஸ் என்ற அறிவிப்பாளர். (மென்பொருள் உலகின் பில் கேட்ஸ் அப்போது சின்னஞ்சிறு குழந்தை, குழம்ப வேண்டாம்.) இவ்விருவரின் பெயர்களுக்கும் பாரி கிப் என்ற பெயருக்கும் பொதுவாக இருந்த முதலெழுத்துகளான பி, ஜி ஆகிய இரண்டிலிருந்து பிறந்ததே குழுவின் பெயர். 'பிரதர்ஸ் கிப்' என்பதன் சுருக்கம் அது என்று பின்னாளில் பலரும் பொருள் கொண்டார்கள். அப்படிக் கொள்வதிலும் பெரிய தவறில்லை. 1967 தொடக்கத்தில் இங்கிலாந்துக்குத் திரும்பிய சகோதரர்கள், 1975க்குப் பின் மயாமியில் வேரூன்றினார்கள். ஆகவே உங்கள் நண்பர்களோடு நீங்கள் சமாதானமாகப் போகலாம்.

கேள்வி (மதுரை): பீ ஜீஸ் என்றால் டிஸ்கோ, வெள்ளை உடை, கீச்சுக்குரல் என்பதுதான் என் நினைவில் நிற்கிறது. டிஸ்கோவுக்கு முன் அவர்களுக்கு ஒரு வாழ்க்கை இருந்ததா?

பதில்: முழுதாக ஒரு வாழ்க்கையே இருந்தது, அதுவும் ஒருமுறை உச்சிக்குப் போய்ச் சரிந்து முடிந்த வாழ்க்கை. ஆஸ்திரேலியாவில் 1963 முதல் இசைத்தட்டுகள் வெளியிட்டும் பெரிதாக எடுபடாமல், மனம் சலித்து இங்கிலாந்துக்குப் புறப்படும் தறுவாயில்தான் 'ஸ்பிக்ஸ் அண்ட் ஸ்பெக்ஸ்' ஆஸ்திரேலியாவில் வெற்றி பெற்றது. தந்தை முன்கூட்டியே அனுப்பியிருந்த ஒலிப்பதிவுகள், பீட்டில்ஸ் குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனுடைய நிறுவனத்தில் ராபர்ட் ஸ்டிக்வுட் என்பவரின் கைக்கு வந்து சேர்ந்திருந்தன. அவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்தான். 1967 பிப்ரவரியில் அவர் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஏப்ரலில் 'நியூயார்க் மைனிங் டிசாஸ்டர் 1941' வெளிவந்தது.

இப்பாடலைப் பற்றி இரண்டு வாக்கியம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். 1966 அக்டோபர் 21ஆம் தேதி வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்ததில், 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் நிழலில், ஒலிப்பதிவு நிறுவனத்தின் இருட்டிக் கிடந்த மாடிப்படியில் உட்கார்ந்து இருபது வயதுப் பாரியும் பதினேழு வயது ராபினும் எழுதிய பாடல் அது. மண்ணுக்கடியில் சிக்கியவன் தன் மனைவியின் படத்தைப் பக்கத்தில் இருப்பவனிடம் காட்டுகிறான். தலைப்பில் உள்ள சொற்கள் பாட்டுக்குள் ஓரிடத்திலும் வருவதில்லை. பீட்டில்ஸ்தான் வேறு பெயரில் பாடுகிறார்களோ என்று சில வானொலிக்காரர்கள் ஐயுற்றார்கள்.

அதே ஆண்டு 'மாசசூசெட்ஸ்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அந்த மாநிலத்தில் சகோதரர்கள் அதுவரை கால் வைத்ததே இல்லை. பெயரின் ஓசை பிடித்துப்போனதால் எழுதினார்கள். அமெரிக்கப் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கை மனத்தில் வைத்து எழுதிய 'டு லவ் சம்படி' பாடலை அவர் பாடுவதற்குள் அவ்வாண்டு டிசம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார். பிறகு அதை நீனா சிமோன் முதல் ஜானிஸ் ஜாப்ளின் வரை எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். டிஸ்கோ விளக்குகள் எரிவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இவையெல்லாம் நடந்துவிட்டன. அவர்களை முதலில் பாடலாசிரியர்களாகவும் அடுத்துத்தான் பாடகர்களாகவும் பார்க்க வேண்டும் என்பது என் துணிபு.

கேள்வி (நாகர்கோவில்): உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடும்போது குரல்கள் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிடுகின்றனவே, அது ரத்த சம்பந்தத்தாலா, பயிற்சியாலா?

பதில்: இரண்டாலும்தான். ஆனால் பயிற்சி என்று நாம் நினைப்பதைவிட, ஒரே வீட்டில் வளர்ந்தது என்று சொல்வதே பொருந்தும். வாய், அண்ணம், தொண்டை ஆகியவற்றின் அமைப்பு உடன்பிறந்தாரிடம் ஓரளவு ஒத்திருப்பதால் குரலின் நிறம் நெருங்கி வருகிறது. அதைவிட முக்கியமானது உச்சரிப்பு. ஒரே தாயிடம் பேச்சுக் கற்றவர்கள் உயிரெழுத்துகளை ஒரே விதமாக விரிக்கிறார்கள், ஒரே விதமாக முடிக்கிறார்கள். சேர்ந்திசையில் குரல்கள் ஒட்டுவதும் பிரிவதும் பெரும்பாலும் இந்த உயிரெழுத்துகளில்தான். மூச்சு வாங்கும் இடமும் அப்படியே. அடுத்தவன் எப்போது இழுப்பான், எங்கே நிறுத்துவான் என்பது எட்டு வயதிலிருந்தே தெரிந்திருந்தால் கண் ஜாடைகூடத் தேவைப்படாது.

நம் கச்சேரி மேடைகளில் சகோதரிகள் சேர்ந்து பாடினால் இருவரும் ஒரே ஸ்வரத்தில் நிற்பார்கள். பீ ஜீஸ் பாடுவதோ ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு ஸ்வரங்களில்; காதுக்கு அது மூன்றாகக் கேட்காமல் தடித்த ஒரே குரலாகக் கேட்கிறது. இத்தனைக்கும் தனித்தனியே எடுத்தால் அவை ஒத்த குரல்களே அல்ல. பாரியின் குரல் மூச்சுக்காற்று கலந்து மெத்தென்று இருக்கும். ஒரு கையைக் காதில் பொத்திக்கொண்டு பாடும் ராபினின் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு பேசுபவனைப் போல நடுங்கிக்கொண்டே இருக்கும். மாரிஸ் இருவருக்கும் நடுவிலோ, மேலோ, கீழோ எங்கு இடைவெளி இருக்கிறதோ அங்கே போய் நிற்பார். பாட்டைக் கேட்கும்போது மாரிஸை மட்டும் தனியே பின்தொடர முயன்று பாருங்கள், அது எளிதில் கைகூடாது. அவர் பாடாமல் விட்டிருந்தால் மட்டும் உடனே தெரிந்திருக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர்): இவ்வளவு ஒற்றுமையாகப் பாடியவர்கள் 1969இல் ஏன் பிரிந்தார்கள்? பணத் தகராறா?

பதில்: முன்னே நிற்பது யார் என்ற தகராறு. அறுபதுகளின் வெற்றிப் பாடல்களில் 'மாசசூசெட்ஸ்', 'ஐ ஸ்டார்ட்டட் எ ஜோக்' போன்றவற்றில் முதற்குரல் ராபினுடையது. 'டு லவ் சம்படி', 'வேர்ட்ஸ்' ஆகியவற்றில் பாரியுடையது. இந்தச் சமநிலை எழுதப்படாத ஒப்பந்தமாக ஓடிக்கொண்டிருந்தது. 1969இல், சிவப்பு வெல்வெட் போன்ற உறையில் பொன்னெழுத்துப் பொறித்து 'ஒடெசா' என்ற இரட்டை இசைத்தட்டு வந்தபோது, அதிலிருந்து எதைத் தனித்தட்டாக வெளியிடுவது என்ற கேள்வி எழுந்தது. பாரி பாடிய 'ஃபர்ஸ்ட் ஆஃப் மே' தட்டின் முன்பக்கத்துக்குப் போனது. ராபின் பாடிய 'லாம்ப்லைட்' பின்பக்கத்துக்குத் தள்ளப்பட்டது. மார்ச் மாதத்தில் ராபின் விலகினார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ராபினுக்கு அப்போது வயது 19, பாரிக்கு 22. இரண்டே ஆண்டுகளில் கப்பல் பயணிகளாயிருந்தவர்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் பேசித் தீர்க்க வேண்டியதைப் பத்திரிகைப் பேட்டிகளில் பேசிக்கொண்டார்கள். ராபின் தனியாக வெளியிட்ட 'சேவ்டு பை த பெல்' பிரிட்டனில் இரண்டாமிடம் வரை போனது. மற்ற இருவரும் 'கியூகம்பர் காசில்' என்ற தொகுப்பை முடித்தார்கள், பிறகு அவ்வாண்டு இறுதியில் பாரியும் விலகுவதாக அறிவித்தார். 1970 ஆகஸ்டில் மீண்டும் கூடினார்கள். ராபின் பாரியின் வீட்டுக்கு வந்த பிற்பகலில் இருவரும் உட்கார்ந்து எழுதியதுதான் 'ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்' என்று பாரியே சொல்லியிருக்கிறார். உடைந்த மனத்தை ஒட்டவைப்பது எப்படி என்று காதலியிடம் கேட்பதுபோல் அமைந்த அந்தப் பாடல், 1971இல் அமெரிக்காவில் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடத்தைப் பெற்றுத் தந்தது. அதில் ராபின் தொடங்க, பாரி தொடர்வார். முன்னே நிற்பது யார் என்ற வழக்கு அந்தப் பாடலுக்குள்ளேயே பேசி முடிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி (சேலம்): பாரி கிப்பின் அந்த உச்சக் குரல் இயற்கையானதா? ஏன் திடீரென்று அப்படிப் பாடத் தொடங்கினார்?

பதில்: நம் பாடகர்கள் கள்ளத்தொண்டை என்று சற்று இளக்காரமாகச் சொல்லும் ஃபால்செட்டோ அது. இயற்கைக் குரலின் எல்லை முடிந்தபின், குரல்நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும்படி மெல்லிதாக எழுப்பும் ஒலி. நம்மிடம் அது குறையாகக் கருதப்பட்டாலும், அமெரிக்கக் கறுப்பின இசையில் அதற்கு நெடிய மரபு உண்டு.

அது அவர்களுக்கு வந்து சேர்ந்தது தோல்வி வழியாகத்தான். 1973இல் அவர்கள் பதிவுசெய்த ஒரு முழுத் தொகுப்பை நிறுவனமே வெளியிட மறுத்துவிட்டது. 1974இல் வட இங்கிலாந்தின் பாட்லி என்ற ஊரில், மேசைகளில் மக்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கேளிக்கை மன்றத்தில் பழைய பாடல்களைப் பாடிப் பிழைக்க வேண்டிய நிலை. அப்போது கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், தாம் தங்கிப் பதிவு செய்த மயாமிக்குப் போய்ப் பாருங்கள் என்று யோசனை சொன்னார். 1975 தொடக்கத்தில் மயாமியின் கிரைட்டீரியா ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆரிஃப் மார்டின் என்ற துருக்கியில் பிறந்த தயாரிப்பாளர் அவர்களை வழிநடத்தினார். தினமும் கூடத்துக்குக் கடல்மேல் கிடந்த பாலத்தைக் காரில் கடக்கும்போது சக்கரங்கள் எழுப்பிய தடக் தடக் ஒலியிலிருந்து 'ஜைவ் டாக்கிங்' பிறந்தது. பீ ஜீஸ் என்ற பெயரைப் பார்த்ததுமே வானொலிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தில், அந்தத் தட்டைப் பெயரில்லாத வெள்ளைச் சீட்டோடு அனுப்பிவைத்தார்கள். அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

அதே பதிவுகளின்போது, 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பாடலின் முடிவில் யாராவது சுருதியோடு கத்த முடியுமா என்று மார்டின் கேட்டார். பாரி முயன்றார்; கத்தலாகத் தொடங்கியது பாட்டாக மாறியது. அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பது 28 வயதுவரை அவருக்கே தெரிந்திருக்கவில்லை. அதன் விலையையும் சொல்ல வேண்டும்: அந்தக் குரல் முன்னே வந்ததும் ராபினின் நடுங்கும் குரல் பின்னே போயிற்று. 1969இல் குழுவை உடைத்த அதே கேள்விக்கு, இம்முறை சந்தை பதில் சொல்லிவிட்டது.

கேள்வி (தஞ்சாவூர்): முதலுதவிப் பயிற்சி ஒன்றில் 'ஸ்டேயிங் அலைவ்' பாடலைப் போட்டு நெஞ்சை அழுத்தச் சொன்னார்கள். இது விளையாட்டா, உண்மையான மருத்துவ முறையா?

பதில்: உண்மைதான். இதயம் நின்றவருக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை நெஞ்சை அழுத்த வேண்டும். அப்பாடலின் தாளம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 103 தட்டு. மனத்துக்குள் ஓடவிட்டால் வேகம் குறையாது, அதிகமாகவும் ஆகாது. தலைப்பின் பொருளும் 'உயிரோடிருத்தல்' என்பதால் பயிற்சியாளர்களுக்கு அது இரட்டை வசதி.

அந்தத் தாளம் அவ்வளவு சீராக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. 1977இல் பிரான்சின் எருவில் என்ற இடத்திலுள்ள பழைய மாளிகை ஒன்றில் பதிவு நடந்துகொண்டிருந்தபோது, டிரம்ஸ் கலைஞர் டென்னிஸ் பிரையன் குடும்பக் காரணத்தால் ஊருக்குப் போக நேர்ந்தது. அவர் ஏற்கனவே 'நைட் ஃபீவர்' பாடலுக்கு வாசித்திருந்ததில் இரண்டு தாளவட்டங்களை மட்டும் நாடாவிலிருந்து வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, அதையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அதன்மேல் பாடினார்கள். வாசித்தவர் அங்கே இல்லாததால், டிரம்ஸ் கலைஞர் என்று பெர்னார்ட் லூப் என்ற கற்பனைப் பெயரை உறையில் போட்டார்கள். அந்த ஆளைத் தேடிப் பிற தயாரிப்பாளர்கள் அலைந்தார்கள் என்பது இசையுலகில் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை.

'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்துக்காக இப்பாடல்களை ஸ்டிக்வுட் வாங்கிக்கொண்டார். அத்தொகுப்பு 1978இல் அமெரிக்காவில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. அவ்வாண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. 1977 முதல் 1979 வரை அவர்களுடைய ஆறு தனித்தட்டுகள் தொடர்ச்சியாக முதலிடம் பெற்றன. அவற்றில் ஒன்றான 'டூ மச் ஹெவன்' பாடலின் உரிமைத்தொகையை யுனிசெஃப் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

கேள்வி (புதுச்சேரி): 'ஹவ் டீப் இஸ் யுவர் லவ்' திருட்டு மெட்டு என்று நீதிமன்றமே சொன்னதாகப் படித்தேன். மெய்யா?

பதில்: பாதிதான் படித்திருக்கிறீர்கள். சிகாகோ பக்கத்தைச் சேர்ந்த, தொழில்முறையில் பாடல் எழுதாத ஒருவர், தாம் 1975இல் இயற்றிய பாடலை ஒத்திருக்கிறது என்று வழக்குத் தொடுத்தார். சாட்சிக் கூண்டில் நின்ற மாரிஸிடம் ஓர் இசைத்துணுக்கை வாசித்துக்காட்டி இது எது என்று கேட்டபோது, அவர் தங்கள் பாடல் என்று சொல்லிவிட்டார். அது வழக்குத் தொடுத்தவரின் பாடல். 1983இல் ஜூரிகள் சகோதரர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் விசாரித்த நீதிபதியே அதைத் தள்ளுபடி செய்தார். 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடியை உறுதிசெய்தது. ஒற்றுமை இருந்தால் மட்டும் போதாது, அந்தப் பாடல் இவர்கள் காதுக்கு எட்டுவதற்கு வழி இருந்தது என்பதையும் காட்ட வேண்டும் என்பதே சாரம். பதிப்புரிமைச் சட்டம் பயில்வோர் இன்றும் இவ்வழக்கைப் படிக்கிறார்கள். சகோதரர்களுக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. மெட்டுகளை ஒலிநாடாவில்தான் பிடித்து வைத்தார்கள். பிரெஞ்சு மாளிகையில் அந்த மெட்டு உருவானபோது ஓடிய நாடாவே அவர்கள் பக்கத்துச் சான்றாக அமைந்தது.

கேள்வி (வேலூர்): டிஸ்கோ போனதோடு அவர்களும் போய்விட்டார்களா?

பதில்: முகம் மறைந்தது, பாட்டு மறையவில்லை. 1979 ஜூலை 12ஆம் தேதி, சிகாகோவின் கோமிஸ்கி பேஸ்பால் மைதானத்தில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, ஒரு வானொலி அறிவிப்பாளர் மக்கள் கொண்டுவந்த டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்ததில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலீர்ப்பாளர் ஆகியோரின் நடனக்கூடங்களில் வளர்ந்த இசைமீதிருந்த வெறுப்பே அன்று வெடித்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். குவிந்த தட்டுகளில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் கிடந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னதை நினைத்தால், நானும் அந்தப் பக்கமே சாய்கிறேன். எது எப்படியாயினும், அந்த இசையின் முகமாக அறியப்பட்ட மூன்று வெள்ளைச் சகோதரர்களின் பாடல்களை வானொலி நிலையங்கள் ஒலிபரப்புவதைத் தவிர்த்தன.

அவர்கள் செய்தது எளிய காரியம்: தம் பாடல்களைப் பிறர் தொண்டையில் ஏற்றினார்கள். 1980இல் பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு 'உமன் இன் லவ்', 1982இல் டியான் வார்விக்குக்கு 'ஹார்ட்பிரேக்கர்', 1983இல் கென்னி ராஜர்ஸ், டாலி பார்ட்டன் இணைக்கு 'ஐலண்ட்ஸ் இன் த ஸ்ட்ரீம்', 1985இல் டயானா ராஸுக்கு 'செயின் ரியாக்ஷன்'. தங்கள் வானொலியில் பீ ஜீஸ் இல்லை என்று பெருமைப்பட்டவர்கள், நாள் முழுவதும் பீ ஜீஸ் மெட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1987இல் சொந்தப் பெயரில் வெளியிட்ட 'யூ வின் அகைன்' பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள் என மூன்று பத்தாண்டுகளிலும் அங்கே முதலிடம் கண்ட முதல் குழு அவர்களே. 1997இல் ராக் இசைப் புகழரங்கில் அவர்களைச் சேர்த்தபோது அறிமுகம் செய்துவைத்தவர், தாமும் தம்பிமாரோடு பாடிய பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன்.

கேள்வி (காரைக்குடி): ஆண்டி கிப் குழுவில் இருந்தாரா?

பதில்: இல்லை. 1958இல் பிறந்த கடைசித் தம்பியான அவர் தனியாகவே பாடினார். முதல் மூன்று தனித்தட்டுகளும் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற முதல் ஆண் தனிப்பாடகர் அவர். மூன்றாவதான 'ஷேடோ டான்சிங்' நால்வரும் சேர்ந்து எழுதியது. 1978 மார்ச்சில் 'ஸ்டேயிங் அலைவ்' பாடலை முதலிடத்திலிருந்து இறக்கியது தம்பியின் பாடல், அந்தத் தம்பியை இறக்கியது அண்ணன்மாரின் 'நைட் ஃபீவர்'. போதைப் பழக்கம் அவர் உடலைச் சிதைத்திருந்தது. 1988 மார்ச் 10ஆம் தேதி, 30 வயது நிறைந்த ஐந்தாம் நாள், இதயத் தசை அழற்சியால் இறந்தார். 1997இல் லாஸ் வேகாஸ் மேடையில் அண்ணன்மார் பாடிக்கொண்டிருக்கையில், பதிவிலிருந்த ஆண்டியின் குரலையும் அந்தச் சேர்ந்திசைக்குள் கொண்டுவந்தார்கள்.

கேள்வி (திருநெல்வேலி): இப்போது யார் இருக்கிறார்? குழு தொடர்கிறதா?

பதில்: பாரி மட்டும் இருக்கிறார். மாரிஸ் 2003 ஜனவரி 12ஆம் தேதி, குடல் முறுக்கிக்கொண்டதன் விளைவாக, 53 வயதில் மயாமியில் இறந்தார். பேஸ் கிட்டாரும் விசைப்பலகையும் வாசித்தவர், பாட்டுகளுக்கு உருவம் கொடுத்தவர், எல்லாவற்றுக்கும் மேலாக மற்ற இருவருக்கும் இடையே தூது சென்றவர் அவரே. குழு என்பது யாரால் நடந்தது என்பது அதற்குப் பிறகே தெரிந்தது: பாரியும் ராபினும் அவ்வப்போது ஒன்றாக மேடையேறினார்களே தவிர, பீ ஜீஸ் பெயரில் புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை. 2012 மே 20ஆம் தேதி ராபினும் போனார். பாரிக்கு 2018இல் 'சர்' பட்டம் கிடைத்தது. குழுவைப் பற்றி 2020இல் வந்த ஆவணப்படத்தில் அவர், வெற்றிப் பாடல் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தம்பிமார் திரும்பி வந்தால் போதும் என்கிறார்.

கேள்வி (சென்னை): இதுவரை கேட்டதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: டிஸ்கோவை இறுதிக்கு வையுங்கள். முதலில் 'மாசசூசெட்ஸ்' கேட்டு ராபினின் குரலைப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்து 'வேர்ட்ஸ்' கேட்டுப் பாரியின் இயற்கைக் குரலை. பிறகு 'ஹவ் கேன் யூ மெண்ட் எ புரோக்கன் ஹார்ட்'. அதையே அமெரிக்கப் பாடகர் ஆல் கிரீன் பாடியதையும் கேட்டால், மெட்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பது விளங்கும். 'நைட்ஸ் ஆன் பிராட்வே' பாடலின் கடைசி ஒரு நிமிடத்தில், ஒரு மனிதர் தம்மிடம் இன்னொரு குரல் இருப்பதைக் கண்டுபிடிப்பதைக் கேட்கலாம். அதற்குமேல் 'டூ மச் ஹெவன்'. அதில் ஒவ்வொரு குரலையும் பலமுறை பதிவுசெய்து அடுக்கியிருக்கிறார்கள். நல்ல ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, முன்னே கேட்கும் பாரியை விட்டுவிட்டு, பின்னே நிற்பவர்களைத் தேடுங்கள். இரண்டாவது முறையில் ராபின் அகப்படுவார். மாரிஸுக்கு இன்னும் சில முறை ஆகும்.